இரண்டு சென்டிமீட்டர் ஆட்கள்

ஜனவரி 9

அண்ணா,

நீ பஸ் ஏறிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வராது. உலகமே போனில் பேசித் தீர்த்துக்கொள்கிறது. போன் மணி அடித்தால் அறையை விட்டே எழுந்து போகிற ஒரே மனிதன் எனக்கென்று அண்ணனாய் வாய்த்திருக்கிறான். போகட்டும், தபால்காரருக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.

பட்டாளத்தில் உன்னோடு இருந்த குழு முழுவதும் இப்போது என் மேசையில் நிற்கிறது. உன்னையும் சேர்த்து எட்டுப் பேர். ஒவ்வொருவரும் இரண்டு சென்டிமீட்டர் உயரம், என் சுண்டுவிரலின் மேல் கணு அளவு. ஈய வார்ப்பில் வந்த ஆட்கள். லேப்பில் பீங்கான் பல்லைச் சீவுகிற அதே கத்தியால் அச்சுக்கோடுகளைச் சுரண்டி எடுத்தேன். பகலெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் செய்கிறவளுக்கு இந்த வேலை புதிதில்லை. பல்லுக்கும் முகத்துக்கும் ஒரே சூத்திரம்தான்: ஒரே நிறத்தைப் பூசினால் செத்துப்போகும்.

உங்கள் உடுப்பில் இருக்கிற பச்சை, பழுப்புத் திட்டுகளை அளவுப்படி வரைந்தால் ஓரடி தள்ளிப் பார்க்கும்போது வெறும் சேறாகத் தெரிகிறது. அதனால் திட்டுகளைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைத்தேன். மேலே நீர்த்த பழுப்பு மையை ஓடவிட்டேன். அது தானாகவே மடிப்புகளில் போய்த் தங்கிக்கொண்டது. யாருக்கும் கண் வரையவில்லை. இந்த அளவில் கண் வரைந்தால் எட்டுப் பேரும் பேயைப் பார்த்தவர்கள் போல ஆகிவிடுவார்கள். புருவத்துக்குக் கீழே ஒரு நிழல் போதும்.

பூட்ஸுக்குப் புழுதி பூசும்போதெல்லாம் டிசம்பரில் நீ வந்திருந்த அந்த மத்தியானம் ஞாபகம் வருகிறது. தெருப் புழுதி என்ன நிறம் என்று மட்டும்தான் கேட்டேன். நீ இரண்டரை மணி நேரம் பேசினாய். எட்டு வருஷமாய் வாய் திறக்காதவன், கடைசியில் ஒரு தபால் உறையின் பின்பக்கம் தெருவையே வரைந்து காட்டினாய். நான் தூரிகையைக் கழுவவே மறந்துவிட்டேன். நல்ல தூரிகை, முனை போய்விட்டது. அதற்காக வருத்தமில்லை.

ஒரு சந்தேகம். ரேடியோ தூக்கியவர், நீங்கள் கண்ணாடி என்று கூப்பிட்டவர், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிப் போட்டிருந்தார் என்றாய். கயிறு என்ன நிறம்? ரேடியோவின் ஆன்டெனாவுக்குத் தூரிகை மயிர் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். அசைந்தால் அதுவும் அசைகிறது.

தங்கை

ஜனவரி 21

சுண்டெலிக்கு,

கடிதம் கிடைத்தது. மைனஸ் இருபதில் மீன் பெட்டி அடுக்குகிற குளிர்கிடங்கில் விரல் எழுதுகிற விரலாய் இருக்காது. வாரத்தில் ஒரு நாள்தான் அது மடங்கும். கையெழுத்தைக் கிண்டல் பண்ணாதே.

கயிறு நீலம். அவன் மனைவி முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. கழற்றச் சொன்னால் "வீட்ல கேள்வி வரும் மச்சான்" என்பான். முடிச்சு வலது காதுக்குப் பின்னால். உன் பொம்மையில் அதெல்லாம் தெரியப்போவதில்லை, ஆனாலும் கேட்டாய் என்பதற்காக.

என் துப்பாக்கிப் பட்டையில் பச்சை டேப் சுற்றியிருக்கும். எங்களில் ஒல்லியானவனுக்கு உடுப்பு எப்போதும் இரண்டு அளவு பெரிது, தோளில் தொங்கும். சமையல்காரன் என்று ஒருத்தனைக் கூப்பிடுவோம், சமைக்கத் தெரியாது என்பதால். அவன் தலைக்கவசத்தின் வார் எப்போதும் அவிழ்ந்தே இருக்கும். இதெல்லாம் போதுமா?

ஆட்களைச் செய். தெருவைச் செய்யாதே. நீயும் உன் டயர் கடை மாடிச் சங்கத்து ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மேசையில் தெரு கட்டி, பகடை உருட்டிச் சண்டை விளையாடுவீர்கள் என்று தெரியும். எந்தத் தெருவையாவது கட்டிக்கொள்ளுங்கள். அது மட்டும் வேண்டாம். அந்த உறையைக் கிழித்துப் போடு.

ஏன் என்று கேட்பாய். சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு நான் கண்ணாடியின் வீட்டுக்குப் போகிறேன். அவன் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிடுகிறாள். குண்டு பட்டதும் உடனே உயிர் போய்விட்டது, வலியே தெரிந்திருக்காது என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். எட்டு வருஷமாய் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் உட்கார்ந்துதான் அந்த வீட்டில் டீ குடிக்கிறேன்.

உன்னிடம் சொன்னது உன்னோடு இருக்கட்டும்.

அண்ணன்

மார்ச் 6

தங்கைக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு விருப்பமில்லை.

முந்தாநாளுக்கு முந்தின நாள் கண்ணாடியின் மனைவி வீட்டுக்குப் போனேன். டீ வைத்தாள். பிறகு கொழுந்தனின் போனை வாங்கி என் முன்னால் வைத்தாள். அவன் வேலை பார்ப்பது உன் ஊரில். நூலகத்து ஹாலில் உங்கள் சங்கம் கண்காட்சி போட்டதாம். வேடிக்கை பார்க்கப் போனவன் ஒரு மேசை முன்னால் நின்றுவிட்டான். இரண்டு சென்டிமீட்டரில் அவன் அண்ணன், காதுக்குப் பின்னால் நீல முடிச்சோடு, கவிழ்ந்த கைவண்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தான்.

பக்கத்தில் ஓர் அட்டை. அவள் அதை வாசித்துக் காட்டினாள். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை மாதிரி, மெதுவாக. "எட்டுப் பேர் கொண்ட குழு. மேல்மாடியிலிருந்து சுடுகிறார்கள். ரேடியோக்காரர் இடுப்பில் அடிபட்டு நடுத்தெருவில் கிடக்கிறார். பதினோரு நிமிடம் உயிரோடு இருக்கிறார். மற்ற ஏழு பேர் சுவருக்குப் பின்னால். அவரை மீட்க முடியுமா? ஆடிப் பாருங்கள்."

ஆடிப் பாருங்கள். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

"பதினோரு நிமிஷம்னா எவ்வளவு நேரம்ணா?" என்று கேட்டாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "வாங்க, உக்காந்து பாக்கலாம்." உட்கார்ந்தோம். அவள் முள்ளைப் பார்த்தாள். நான் டீயில் படிந்த ஆடையைப் பார்த்தேன். பதினோரு நிமிஷமும். நடுவில் தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள், அவள் திரும்பவில்லை. முடிந்ததும் என் டம்ளரை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வரவேயில்லை. கொழுந்தன்தான் வாசல் வரை வந்தான். "இனிமே வர வேணாம் சார்" என்றான். எட்டு வருஷத்தில் அவன் என்னைச் சார் என்றது அதுதான் முதல் தடவை.

தெரு வேண்டாம் என்று எழுதினேனா இல்லையா? உனக்குப் படிக்கத் தெரியும் என்று நினைத்தேன். பொம்மைக்குச் சாயம் அடிக்கிறவளிடம் மனிதனைக் கொடுத்தது என் தப்பு.

மார்ச் 15

அண்ணா,

உன் கடிதத்தை லேப்பில் உடுப்பு மாற்றுகிற அறையில் நின்று படித்தேன். அன்றைக்குச் செய்த இரண்டு கடைவாய்ப் பற்களும் நிறம் தப்பித் திரும்பி வந்தன.

ஆமாம், நான்தான் எழுதினேன். நான்தான் கட்டினேன். உறையைக் கிழிக்கவில்லை. பேரும் ஊரும் போடாவிட்டால் யாருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஒரு நீலப் புள்ளி காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கவில்லை. அந்தப் புள்ளியை வைக்க நாலு தடவை அழித்தேன் தெரியுமா? தூரிகையில் ஒரே மயிரை விட்டுவிட்டு மற்றதை வெட்டினேன். அவ்வளவு சரியாகச் செய்யாமல் இருந்திருக்கலாம். எனக்கு அரைகுறையாய்ச் செய்யத் தெரியவில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். எழுத வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் வேறு சிலவும் எழுத வேண்டியிருக்கிறது.

நீ போன பிறகு அப்பாவை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டது யார்? மூத்திரப் பை மாற்றியது யார்? கடைசி நாலு நாள் அவர் "பெரியவன் வந்துட்டானா" என்று கேட்டபோதெல்லாம் "வந்துட்டிருக்கான்பா" என்று பொய் சொன்னது யார்? நீ கடிதம் போட்டாய். நாலு வரி. அதற்கப்புறம் இந்த டிசம்பரில்தான் வந்து என் முன்னால் உட்கார்ந்தாய். நீ என்னை நம்பி ஒன்றைக் கொடுத்தாய் என்று எனக்கு ஒரே பெருமை. அதைப் பெட்டிக்குள் வைக்க முடியவில்லை. எல்லோரும் பார்க்க வேண்டும் போல இருந்தது. என் அண்ணன் எவ்வளவு கஷ்டமான இடத்தில் நின்றான் பாருங்கள் என்று. அந்த அட்டையை நீ கேலியாக வாசித்தாய். நான் கேலியாக எழுதவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் இருபது பேராவது ஆடினார்கள். ஒருவராலும் அவரை வெளியே கொண்டுவர முடியவில்லை. ஒவ்வொருவரும் தோற்கும்போது, அண்ணா, எனக்கு நிம்மதியாக இருந்தது. உன்மேல் தப்பில்லை என்று ஊரே சொல்வது போல.

இன்னொன்று. அவளிடம் பொய் சொன்னது நீ. நான் எழுதியது உண்மை. எட்டு வருஷப் பொய் உடைந்ததற்கு என்னை மட்டும் திட்டினால் எப்படி?

தங்கை

மார்ச் 22

இனி எழுதாதே.

ஏப்ரல் 24

அண்ணா,

எழுதாதே என்றாய். ஒரு மாதம் எழுதவில்லை. இதை எழுதாமல் இருக்க முடியாது, கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடு.

அவள் வந்தாள். ஏழாம் தேதி, ஞாயிறு காலை பத்து மணி. கதவைத் திறந்தால் பருத்திப் புடவையில் மெலிந்த ஒரு பெண், கையில் துணிப்பை. "பொம்மை செய்யுற டெக்னீஷியன் வீடு இதானே?" என்றாள். யார் என்று சொன்னாள். அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கண்காட்சி முடிந்து மேசையை என் முன்னறையில்தான் போட்டிருந்தேன். அவள் தெருவைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வாட்ச் தப்பு" என்றாள். "அவரு எடக்கைக்காரரு. வாட்ச் வலது கையில கட்டுவாரு." பையிலிருந்து படம் எடுத்துக் காட்டினாள். உடனே தூரிகையை எடுத்தேன். இடது கையில் இருந்ததைத் தோல் நிறத்தால் மூடிவிட்டு வலது மணிக்கட்டில் ஒரு வெள்ளிப் புள்ளி வைத்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "இப்பச் சரி" என்றாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

"எப்படி ஆடறது, சொல்லிக் குடுங்க" என்றாள்.

நான் வேண்டாம் அக்கா என்றேன். "ஊரு பேரு தெரியாதவங்கல்லாம் ஆடியிருக்காங்க. நான் ஆடக் கூடாதா?" என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். ஒரு சுற்று ஒரு நிமிஷம், ஆகப் பதினோரு சுற்று. ஓர் ஆள் ஒரு சுற்றில் ஆறு அங்குலம் நகரலாம், ஆளைத் தூக்கிக்கொண்டால் மூன்று. சுட்டால் பகடை. அவள் உங்கள் ஏழு பேரையும் நடத்தினாள். மேல்மாடியில் நான். அளவு நாடாவை முதல் ஆட்டத்தில் நான் பிடித்தேன், இரண்டாவதிலிருந்து அவளே பிடித்தாள். மூன்று ஞாயிறு வந்தாள். ஒன்பது ஆட்டம். ஒவ்வொரு முறையும் வேறு வழி. புகைக்குண்டு போட்டுப் பார்த்தாள். எல்லோரையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டாள். சமையல்காரனை மட்டும் தவழவிட்டாள். எல்லா ஆட்டத்திலும் அந்தச் சுவரை முழுக்க விரலால் தடவிக்கொண்டே போவாள், எங்காவது வழி இருக்கிறதா என்று.

ஏழாவது ஆட்டத்தில் பகடை அவள் பக்கம் விழுந்தது. ஒல்லியானவரும் நீயுமாகக் கண்ணாடியை இழுத்துச் சுவருக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டீர்கள். அவள் கைதட்டினாள், அண்ணா. சின்னப் பெண் மாதிரி. பிறகு தெருவைப் பார்த்தாள். மூன்று பேர் கிடந்தார்கள். ஒவ்வொருவராய் எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "இவருக்கு வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "இவருக்கு?" தெரியவில்லை. அன்றைக்கு அதோடு கிளம்பிவிட்டாள்.

போன ஞாயிறு ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும் நாடாவைச் சுருட்டி வைத்தாள். "அண்ணா வேற என்னதான் பண்ணியிருக்க முடியும்?" என்றாள். "பொய் சொன்னாரேன்னுதான் கோவம். நல்லதுக்குத்தான் சொல்லியிருக்காரு. வரச் சொல்லுங்க." நான் அழுதேன். அவள் அழவில்லை, என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மே இருபத்தாறாம் தேதி மறுபடி வருகிறாள். கண்ணாடியை அவளுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் உடைத்தது கொஞ்சமாவது ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். இப்போதாவது இரண்டு வரி எழுது. அவளைப் போய்ப் பார்.

சுண்டெலி

மே 3

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரமாய்ச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீன் பெட்டி அடுக்குகிறேன்.

போய்ப் பார் என்கிறாய். போக முடியாது. ஏன் என்று எழுதப் பார்க்கிறேன். இது நாலாவது தாள்.

உறையில் நான் சுவரை ஒரே கோடாக இழுத்தேன். அந்தக் கோட்டில் ஒரு கதவு இருந்தது.

சுவரின் கடைசியில் ஒரு தகர வேலைக்காரரின் பட்டறை. அதை ஒட்டிச் சின்ன இரும்புக் கதவு. எங்கள் ஏழு பேரில் அதற்குப் பக்கத்தில் இருந்தது நான். தாழ்ப்பாளை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது, யாரோ தினமும் எண்ணெய் போட்டிருப்பார்கள் போல. ஒரு சாண் திறந்தேன். கைவண்டி அங்கேதான் கவிழ்ந்து கிடந்தது. அவன் பூட்ஸின் அடிப்பக்கம் தெரிந்தது. எட்டி வைத்தால் நாலு எட்டு. ஐந்து இல்லை. கைவண்டி மறைப்பதால் அந்த நாலு எட்டும் மேல்மாடி ஜன்னலுக்குத் தெரியாது. பின்னால் யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று நினைக்காதே. அந்த நொடியே தெரிந்தது. அளந்து பார்க்கிறதுதானே என் வேலை.

நான் கதவை மூடினேன்.

பயம் என்று சொன்னால் நீ புரிந்துகொண்டது போலத் தலையாட்டுவாய். அப்படி இல்லை. காது அடைத்துக்கொண்டு, கைகால் எல்லாம் யாரோ ஒருத்தனுடையது போல இருந்தது. ஆனால் தாழ்ப்பாளைப் போட்டது என் கைதான், அது நினைவிருக்கிறது. "பூட்டியிருக்கு" என்று மற்றவர்களிடம் சொன்னேன். ஒருத்தரும் வந்து இழுத்துப் பார்க்கவில்லை. குழுத் தலைவன் சொன்னால் பூட்டியதுதான்.

அதன் பிறகு கண்ணாடி ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தான். என் தோளில் மாட்டியிருந்த செட்டில், என்னிடம்தான். மீதி நிமிஷமெல்லாம். அதற்கப்புறம் எந்தக் கருவியிலிருந்தும் மனிதக் குரல் வந்தால் எனக்கு ஆகாது. நீ கிண்டல் பண்ணுகிற போன் விஷயம் இதுதான்.

டிசம்பரில் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். உறையில் அந்த இடம் வந்ததும் பேனா நிற்காமல் போய்விட்டது. நீ அந்தக் கோட்டைப் பார்த்துச் சுவர் கட்டினாய். அவள் அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என்னை விடுதலை செய்திருக்கிறாள்.

அண்ணன்

மே 9

அண்ணா,

அட்டையும் சுண்ணாம்பு மாவும் சேர்த்து அந்தச் சுவரைச் செய்ய எனக்கு ஐந்து மாலை ஆனது. செங்கல் செங்கலாகக் கீறினேன். ஈரம் ஏறிய அடிப்பக்கத்தைக் கொஞ்சம் பச்சையாக்கினேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் சுவரைத்தான் முதலில் பாராட்டினார்கள்.

பொய்யை எவ்வளவு அழகாகப் பூசியிருக்கிறேன் பார். மார்ச்சில் உனக்கு எழுதினேனே, நான் எழுதியது உண்மை என்று. அந்த வரியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் விரல் அந்த இடத்தின் மேல் ஒன்பது முறை போயிருக்கிறது. நான் எதிரில் உட்கார்ந்து, "அங்க வழி இல்லக்கா" என்று சொல்லியிருக்கிறேன். என் வாயால். உன் கதவை நானும் ஒன்பது முறை மூடியிருக்கிறேன்.

உன்னை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. நீ மூடியதற்குத் திட்ட மாட்டேன். அந்த இடத்தில் நான் நின்றதில்லை. இருபது பேர் நாற்காலியில் உட்கார்ந்து ஆடிய ஆட்டத்தை வைத்து உன்னை நல்லவன் என்று நினைத்தவள், அதே நாற்காலியில் உட்கார்ந்து கெட்டவன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவளை அப்படியே நம்பவிட்டாயே. என் ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாயே.

இருபத்தாறாம் தேதி அவள் வருவதற்குள் சுவரில் கதவை வெட்டிவிடுவேன். அவள் கண்ணில் அது படும். என்ன இது என்று கேட்பாள். நான் சொல்வதா, அதற்கு முன்னால் நீ போய்ச் சொல்வதா, நீயே முடிவுசெய்.

மே 14

வெட்டாதே.

கொஞ்சம் யோசி. அவள் இப்போதுதான் தூங்குகிறாள். அவளே சொல்லியிருப்பாள், கேட்டுப் பார். அவளுக்கு இதனால் என்ன கிடைக்கப்போகிறது? அவன் திரும்பி வரப்போகிறானா? நான் இனி அந்தப் படி ஏற மாட்டேன். அவள் மன்னித்ததை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அது போதாதா? உனக்கு மனசு கேட்கவில்லை என்பதற்காக அவள் தலையில் கொண்டுபோய் இறக்காதே. ஒரு தடவை இறக்கியது போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன். எனக்காக இல்லை.

மே 18

அண்ணா,

உனக்காக இல்லை என்று எழுதிய இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறாய்.

நீ சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். மூன்று நாளாய் யோசித்தேன். அவள் தூங்குகிறாள், உண்மைதான். போன ஞாயிறு எதிர்பாராமல் வந்தபோது தானாகவே சொன்னாள். ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னபோது எனக்கு அந்தக் கையைத் திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை. இப்படியே எத்தனை வருஷம்? நீ எட்டு வருஷம் டீ குடித்தாய். எனக்கு எட்டு நிமிஷம்கூட முடியவில்லை.

இன்று காலை கதவை வெட்டிவிட்டேன். பச்சையா, துருவா, என்ன நிறம் என்று தெரியாததால் அடிப்பூச்சோடு நிறுத்தியிருக்கிறேன்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

மே 25

சுண்டெலிக்கு,

இன்று காலை போனேன். இது உனக்குக் கிடைப்பதற்குள் நாளை போய்விடும். அவள் அங்கே வருவாளா என்று எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "வாங்கண்ணா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அடுப்பில் பால் வைக்கப் போனவளை, "இரும்மா, மொதல்ல கேளு" என்று நிறுத்தினேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். தாழ்ப்பாள், ஒரு சாண், நாலு எட்டு, பூட்டியிருக்கு என்று சொன்னது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. அவ்வளவு சின்ன விஷயம், வாயால் சொன்னால்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன் வீட்டில் இல்லை. நல்லதாயிற்று, அவன் இருந்திருந்தால் நான் அவனிடம் அடி வாங்கி அவள் கேட்க வேண்டியதைக் கேட்க விடாமல் செய்திருப்பேன்.

"நீங்க கதவத் தொறந்தப்ப அவரு பாத்தாரா?" என்று கேட்டாள்.

உன்னிடம்கூட எழுதாத ஒன்று. பூட்ஸ் மட்டும் தெரிந்தது என்று எழுதினேன்.

"பாத்தான்" என்றேன். "தலையத் திருப்பி என்னப் பாத்தான்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"கதவ மூடுனப்புறம், ரேடியோல."

"என்ன சொன்னாரு?"

எட்டு வருஷமாய் என் காதில் இருப்பதை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். "'பரவால்ல மச்சான், அவசரமில்ல, பாத்து வா'ன்னு சொன்னான்."

நான் வழி பார்த்துக்கொண்டுதான் மூடினேன், திரும்ப வருவேன் என்று அவன் நினைத்திருக்கிறான். கடைசிவரை அப்படித்தான் நினைத்திருப்பான். அதற்கப்புறமும் ரொம்ப நேரம் பேசினான், வீட்டைப் பற்றி. அதையும் சொல்லவா என்று கேட்டேன். கேட்டது அவளுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

உள்ளே போய், நான் முதல் முறை வந்தபோது கொடுத்திருந்த அவன் பணப்பையையும் அடையாள அட்டையையும் எடுத்து வந்தாள். என்னிடம் திருப்பிக் கொடுக்கப்போகிறாள் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நான் வேறு எதையாவது அதிலிருந்து எடுத்துவிடுவேனோ என்பது போல இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"போங்க" என்றாள்.

எந்த வீட்டிலும் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மீட்டர் பார்க்க வருகிறவரைக்கூட "போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்புவார்கள். பழக்க தோஷத்தில் வாசலில் ஒரு கணம் நின்றேன், மிச்ச வார்த்தையும் வரும் என்று.

வரவில்லை. படி இறங்கினேன்.

அண்ணன்